மெட்டுக்கு எல்லை உண்டா?



நம் ஓசூர் பக்கம் இப்போது நிறையப் பிள்ளைகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறார்கள். "வெள்ளைக்காரன் சங்கீதம் நமக்கு எதற்கு? நம் சங்கீதம் மறந்துபோகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சிலர் தடுக்கிறார்கள். வரலாறு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

முத்துசுவாமி தீட்சிதர் 1775இல் திருவாரூரில் பிறந்தார். இளமையில் அவர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் வாழ்ந்தது. அவர்களை ஆதரித்த முதலியார் குடும்பத்துக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியோடு தொடர்பு உண்டு. அதனால் புனித ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியத்தைக் கேட்கும் வாய்ப்புக் கிடைத்தது. தம்பி பாலுசுவாமி வயலின் கற்றார். இன்று வயலின் இல்லாத கச்சேரியை நினைத்துப் பார்க்க முடிகிறதா?

அண்ணன் அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். அவையே நோட்டுஸ்வரங்கள், ஏறக்குறைய 40 உள்ளன. "ஜகதீச குருகுஹ" ஸ்காட்லாந்து நடன மெட்டு. "சந்ததம் பாஹிமாம்" பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. "சியாமளே மீனாட்சி", நம் குழந்தைகள் பாடும் "ட்விங்கிள் ட்விங்கிள்" மெட்டேதான். மேல்நாட்டாரின் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தோடு ஒத்துப்போவதால் இது எளிதாக நடந்தது. இதனால் தீட்சிதர் தம் சங்கீதத்தை மறந்தாரா? நவக்கிரகக் கிருதிகளையும் கமலாம்பா நவாவரணத்தையும் தந்தவர் அவரேதான்.

ஜெர்மனியிலும் இதைப்போல் ஒன்று நடந்தது. 1853இல் இளைஞர் பிராம்ஸ், ரெமென்யி என்ற ஹங்கேரிய வயலின் கலைஞரோடு ஊர் ஊராகச் சென்று பியானோ வாசித்தார். அந்த நட்பில் ஹங்கேரிய நடன மெட்டுகள் அவர் மனத்தில் பதிந்தன. 1869இல் 10, 1880இல் 11 என மொத்தம் 21 "ஹங்கேரிய நடனங்கள்" வெளிவந்தன. ஒரே பியானோவில் இருவர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, நான்கு கைகளால் வாசிப்பதற்காக எழுதியவை. கிராமபோன் இல்லாத காலம். வீட்டில் இசை வேண்டுமென்றால் வீட்டாரேதான் வாசிக்க வேண்டும். நூல் அமோகமாக விற்றது.

பிராம்ஸ் இவற்றை "இயற்றினேன்" என்று போட்டுக்கொள்ளவில்லை; "அமைத்தவர்" என்றே அச்சிடச் செய்தார். தம் சொந்தப் படைப்புகளுக்குத் தரும் வரிசை எண்ணையும் இவற்றுக்குத் தரவில்லை. அப்படியும் ஒரு குறை நேர்ந்தது. உலகப் புகழ்பெற்ற 5ஆம் நடனத்தை அவர் நாட்டுப்புற மெட்டு என்றே நம்பினார். உண்மையில் அது பேலா கேலர் என்பவர் இயற்றியது. உலகம் இன்றும் பிராம்ஸைத்தான் சொல்கிறது. கேலரை அறிந்தவர் எத்தனை பேர்?

ஆக, அயலாரிடம் கற்பதில் இழுக்கில்லை. யாரிடம் கற்றோம் என்பதை மறப்பதுதான் இழுக்கு. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதுவும் ஒரே தெருவில் பேசும் எல்லை ஊர்க்காரர்களான நமக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகளைத் தடுக்காதீர்கள். பேத்தி கீபோர்டில் "ட்விங்கிள்" வாசிக்கட்டும். பாட்டி கூடவே "சியாமளே மீனாட்சி" பாடட்டும். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதையும் மறக்காமல் சொல்லிக்கொடுங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.