சான்றிதழ் பெரிதா, கைத்திறன் பெரிதா? எங்கள் வன்னி சொல்லும் பதில்

ஊரவர்களே, பெற்றோரே, எங்களிடம் படித்த பிள்ளைகளே,

உயர்தரப் பெறுபேறு வருகிற ஒவ்வொரு முறையும் ஸ்கந்தபுரத்தில் ஒரே கேள்விதான் எழும்புகிறது. "கம்பஸ் கிடைக்கேல்லை சேர், இனி இவன் கணினித் துறைக்குப் போகேலாதோ?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். "பட்டம் ஒண்டும் தேவையில்லை சேர், திறமை இருந்தால் காணும்" என்று யூடியூப் பார்த்த பிள்ளை சொல்கிறான். இரண்டு பேர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. எது எந்தப் பாதி என்பதை எங்கள் மண்ணின் வரலாற்றை வைத்தே பார்ப்போம். நீளமான பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் பொருளாதாரத் தடைக் காலம். 1990 இல் தொடங்கிய தடை எரிபொருள், பற்றரி, சீமெந்து என்று பலதையும் மறித்தது. 1996 இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கையோடு கிளிநொச்சி நகரம் வெறுமையாகி, சனம் ஸ்கந்தபுரம், அக்கராயன், மல்லாவிப் பக்கம் வந்து குவிந்தது. அந்த நாட்களில் மோட்டார் சைக்கிள் எப்படி ஓடியது? சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, இயந்திரம் சூடானதும் மண்ணெண்ணெயில் ஓடவிட்டார்கள். பற்றரி இல்லாத வீட்டில் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். டைனமோவில் வருவது ஆடலோட்ட மின், வானொலிக்கு வேண்டியது நேரோட்ட மின். அதை மாற்றாவிட்டால் வானொலி பாடாது. இதையெல்லாம் செய்தவர்கள் பொறியியல் பீடத்தில் படித்தவர்கள் அல்ல. கராஜிலும் சைக்கிள் கடையிலும் நின்றவர்கள்.

ஆகவே பட்டம் இல்லாமலும் திறமை வரும் என்பதை எங்களுக்கு வெளியிலிருந்து யாரும் வந்து சொல்லத் தேவையில்லை. பிள்ளையின் பாதி உண்மை இது.

இனி மற்றப் பாதி. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது, யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலம். தையல்காரர், லொறி திருத்துபவர், இரும்பு வியாபாரி என்று எத்தனையோ பேர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். கையில் இருந்த தொழில் கூடவே போனது. ஆனால் "இவர் நல்ல தொழிலாளி" என்று சாட்சி சொல்லக்கூடிய வாடிக்கையாளர்கள் பழைய ஊரிலேயே நின்றுவிட்டார்கள். 2009 இல் வன்னித் தமிழ்ச் சனம் முள்ளிவாய்க்கால் வழியாக செட்டிகுளம் முகாம்களுக்குப் போனபோதும் இதேதான் நடந்தது. ஊர் கலைந்தது, ஊரோடு சேர்ந்து பெயரும் கலைந்தது.

இந்த இரண்டு இடப்பெயர்விலும் கடதாசிகள் தொலைந்தன. ஆனால் சாதாரண தரம், உயர்தரம் சித்தியடைந்தவருக்குப் பரீட்சைத் திணைக்களத்தில் விண்ணப்பித்து மறுபடி சான்றிதழ் எடுக்க முடிந்தது. பதிவேடு கொழும்பில் பத்திரமாக இருந்ததே காரணம். இருபது வருடம் இயந்திரம் திருத்தியவருக்கு அப்படி ஒரு பதிவேடு எங்கே இருந்தது? அவர் புது ஊரில் பூச்சியத்திலிருந்து தொடங்கினார்.

எங்கள் வரலாறு கற்பிக்கும் பாடம் இதுதான்: திறமைக்குப் பட்டம் கட்டாயமில்லை, ஆனால் சாட்சி கட்டாயம். அதுவும் எங்களைத் தெரியாத ஒருவரும் நம்பக்கூடிய சாட்சி.

பட்டத்துக்கு இவ்வளவு மரியாதை வந்ததும் இதனால்தான். ஆங்கிலேயர் காலத்தில் ஆங்கிலப் பள்ளிச் சான்றிதழோடு யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்குப் போய் எழுதுவினைஞராகவும் புகையிரத ஊழியராகவும் வேலை எடுத்தார்கள். அங்கே அவர்களை யாருக்கும் தெரியாது, கடதாசிதான் பேசியது. 1970களில் தரப்படுத்தல் வந்து பல்கலைக்கழக இடம் அரிதானபோது அந்தக் கடதாசியின் மதிப்பு இன்னும் ஏறியது. பட்டத்தைத் தேடும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் தேடுவது பாதுகாப்பு.

அப்படியென்றால் பல்கலைக்கழகம் போகாத பிள்ளைக்கு யார் சாட்சி? கணினித் துறையில் மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, வேலையே சாட்சியாவது. வைத்தியரின் திறமையைச் சோதித்துப் பார்க்க நோயாளியைப் பணயம் வைக்க முடியாது. மென்பொருள் அப்படியல்ல. எழுதிய நிரலை இயக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும். 2008 இல் வந்த கிட்ஹப் போன்ற தளங்களில் யார், எந்தத் திகதியில், எதை எழுதினார் என்ற பதிவு நிற்கும். எங்கள் மெக்கானிக்குக் கிடைக்காத பதிவேடு இது. இடம்பெயர்ந்தாலும் தொலையாது.

இரண்டு, ஒரு நிறுவனம் தானே பயிற்றிச் சாட்சியாவது. ஸ்ரீதர் வேம்புவின் சோஹோ நிறுவனம் 2004 இல் தமிழ்நாட்டில் தன் சொந்தப் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கியது. பன்னிரண்டாம் வகுப்பு அல்லது டிப்ளோமா முடித்தவர்களை எடுத்து, கட்டணம் வாங்காமல், மாதப்படியும் கொடுத்துப் பயிற்றுகிறார்கள். பின்னர் தென்காசிப் பக்கமும் அது விரிந்தது. அமெரிக்காவிலும் பல பெரிய நிறுவனங்கள் "பட்டம் தேவையில்லை" என்று அறிவித்தன. ஆனால் 2024 இல் ஹார்வர்ட் வணிகப் பள்ளியும் பேர்னிங் கிளாஸ் நிறுவகமும் வெளியிட்ட ஆய்வு, அந்த மாற்றத்தால் உண்மையில் பயன்பெற்றது 700 நியமனங்களில் ஒன்றுக்கும் குறைவு என்று கண்டது. விளம்பரத்தில் ஒரு வரியை அழித்தால் மட்டும் கதவு திறக்காது. சோஹோ வரியை அழித்ததோடு நிற்காமல் பள்ளியையும் கட்டியது. வித்தியாசம் அங்கேதான்.

மூன்று, அரசே திறமையைச் சோதித்துச் சாட்சியாவது. எங்கள் நாட்டில் என்.வி.கியூ என்று சொல்லும் தேசிய தொழிற்றகைமை 1 முதல் 7 வரை மட்டங்கள் கொண்டது. 5, 6 டிப்ளோமா. 7 பட்டத்துக்குச் சமம். அதில் அனுபவத்தால் கற்றதைச் சோதித்து அங்கீகரிக்கும் முறையும் உண்டு. வகுப்புக்குப் போகாமல் தொழில் பழகியவர் செய்து காட்டிச் சான்றிதழ் எடுக்கலாம். தடைக் காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனை பேரின் வாழ்க்கை மாறியிருக்கும்!

பட்டம்தான் வேண்டும் என்றாலும் ஒரே வாசல் இல்லை. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000 இல் தொடங்கிய பி.ஐ.ரி வெளிவாரிப் பட்டத்தை வேலை செய்துகொண்டே படிக்கலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடமும் இருக்கிறது, இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் இருக்கிறது. முதலாவதற்கு இடம் கிடைக்காத பிள்ளை இரண்டாவதை ஏறெடுத்தும் பார்க்காமல் வீட்டில் இருப்பதுதான் எங்களுக்கு வலிக்கிறது.

பிள்ளைகளுக்கும் ஒரு சொல். "திறமை காணும்" என்று சொல்லிவிட்டுப் படிக்காமல் இருப்பது திறமை அல்ல. அரசாங்க வேலையிலும் வெளிநாட்டு விசாவிலும் இன்னமும் பட்டத்தைக் கேட்கிறார்கள், அதை மறைக்கக்கூடாது. பட்டம் இல்லாத வழி குறுக்கு வழியும் அல்ல. அதில் ஒவ்வொரு முறையும் செய்து காட்ட வேண்டும். ஆங்கிலமும் வேண்டும், கணிதமும் வேண்டும்.

பெற்றோரே, பெறுபேறு வந்ததும் "கம்பஸ் கிடைச்சதோ?" என்று மட்டும் கேட்காதீர்கள். "உனக்கு என்ன செய்யத் தெரியும், அதை யாருக்குக் காட்டினாய்?" என்றும் கேளுங்கள். அனுபவத்தால் தொழில் பழகியவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், வயது போனாலும் பரவாயில்லை, அவர்களையும் என்.வி.கியூ சோதனைக்கு அனுப்புங்கள். விண்ணப்பம் நிரப்ப உதவி வேண்டுமென்றால் பாடசாலை முடிந்த பிறகு வாருங்கள். நாங்கள் இருக்கிறோம், இன்ஷா அல்லாஹ்.