மறுபடி வழி திறந்தபின் நாம் போகவேண்டிய ஊர்கள்

2020 மார்ச் 23 அன்று நிறுத்திய பன்னாட்டு விமானங்கள் 2022 மார்ச் வரை பழையபடி பறக்கவில்லை. ஆனால் பட்டியல்கள் நிற்கவில்லை. ‘வழி திறந்ததும் கட்டாயம் பார்க்கவேண்டிய பத்து நாடுகள்’ என்று வார இதழ்களும் யூடியூப் சேனல்களும் அப்போது தினம் ஒன்றாக வெளியிட்டன. பாரிஸ், பாலி, மாலத்தீவு, சுவிட்சர்லாந்து. பனி, கடற்கரை, கையில் காப்பிக் கோப்பையோடு ஒரு படம்.

திருச்சுழிப் பக்கம் ஒரு ஊரில் மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் இப்படி ஒரு பட்டியலைக் காட்டி, “அக்கா, நம்ம ஆளுங்க யாராச்சும் வெளிநாடு போயிருக்காங்களா?” என்று கேட்டார்கள். அந்தத் தெருவிலேயே துபாய்க்கும் சவுதிக்கும் போய், ஊரடங்கில் வேலையிழந்து திரும்பியவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகள் கணக்கில் அது ‘வெளிநாடு’ இல்லை, ‘வேலை’. நம் ஆட்கள் போனால் பிழைப்பு, மற்றவர்கள் போனால் சுற்றுலா. இந்தப் பிரிவினையை யார் நம் தலையில் ஏற்றியது?

தோழர்களே, உண்மை தலைகீழானது. கடல் தாண்டினால் சாதி கெட்டுப்போகும் என்று சாத்திரம் பேசியவர்கள் கரையில் நின்ற காலத்திலேயே இந்தக் கரிசல் காட்டிலிருந்து நம் பாட்டன் பூட்டன் கடல் தாண்டிவிட்டார்கள். கெட்டுப்போகச் சாதிப் பெருமை எதுவும் அவர்களிடம் இல்லை. ஊரில் இருந்தால் உயிர் போகும் என்ற நிலைதான் இருந்தது. அவர்கள் போன தடத்தை வைத்து நமக்கென்று ஒரு பட்டியல் போட்டுப் பார்க்கிறேன்.

ஏன் போனார்கள்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி வட்டாரம் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் சோறு, நிறையாவிட்டால் கம்பங்கூழும் இல்லை. குண்டாற்றில் தண்ணீரைவிட மணலைப் பார்த்த நாட்கள்தான் அதிகம். ஆனால் மழை பொய்த்தது மட்டுமே காரணம் என்று எழுதுவது பாதி உண்மை. மழை எல்லோருக்கும்தான் பொய்த்தது. நிலம் உள்ளவன் குதிரில் தானியம் இருந்தது. நிலமற்ற படியாளுக்கு நிலக்காரன் அளந்து போடும் படிதான் கூலி. அந்தப் படி நின்றால் அன்றே பட்டினி. அடிமை முறையைச் சட்டம் ஏற்காது என்று ஆங்கிலேய அரசு 1843இல் அறிவித்தது. சட்டம் மாறினாலும் வாங்கிய கடனும் குடியிருந்த இடமும் நிலக்காரன் கையிலேயே இருந்தன.

அதே காலத்தில்தான் இலங்கையின் கண்டி மலைகளில் வெள்ளைக்காரர்கள் காட்டை அழித்துக் காப்பி நட்டார்கள். ஆள் வேண்டும். கங்காணி ஊருக்கு வந்தான். முன்பணம் கொடுத்தான். அதில் ஊர்க் கடனை அடைத்துவிட்டு இருட்டோடு கிளம்பலாம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய தாது வருடப் பஞ்சம் இந்தப் பயணத்தைப் பெருவெள்ளமாக்கியது. கள்ளர், அகமுடையார், வெள்ளாளர் என்று பலரும் போனார்கள். ஆனால் கூட்டத்தில் பெரும்பகுதி, அன்றைய பதிவேடுகள் பள்ளர், பறையர், சக்கிலியர் என்று எழுதிய நம் மக்கள்.

எங்கள் அப்பத்தா ‘கண்டிச்சீமை’ என்று சொல்லும்போது குரல் மாறும். சின்ன வயதில் அது ஏதோ கதையில் வரும் ஊர் என்று நினைத்திருந்தேன்.

1. மண்டபம்

பாஸ்போர்ட் இல்லாமலே போகலாம் என்பதால் இதை முதலில் வைக்கிறேன். அருப்புக்கோட்டையிலோ திருச்சுழியிலோ ரயில் ஏறி மானாமதுரையில் மாறினால் ராமேசுவரம் போகும் வழியில் ‘மண்டபம் கேம்ப்’ வரும். யாருடைய முகாம் என்று கேட்டிருக்கிறோமா? 1914இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் கப்பல் ஓடத் தொடங்கிய பின், தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அடைத்துவைத்துச் சோதிக்க இலங்கை அரசு நடத்திய முகாம் இது. துணிகளை மருந்துப் புகையில் போட்டு, உடம்பைச் சோதித்து, நாட்கணக்கில் நிறுத்திவைத்த பிறகே கப்பல். தூத்துக்குடி வழியாகப் போனவர்களுக்குத் தட்டப்பாறையில் இன்னொரு முகாம். ‘தனிமைப்படுத்தல்’ என்ற சொல் கொரோனாவோடு வந்தது என்று நினைக்கிறோம். நம் ஆட்கள் அதை நூறு வருடம் முன்பே அனுபவித்துவிட்டார்கள்.

அவர்களுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. எண் பொறித்த ஒரு தகர வில்லை. எந்தத் தோட்டம், எத்தனையாவது ஆள் என்று அதைப் பார்த்தால் தெரியும். பெயர் தேவைப்படவில்லை.

1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. மண்டபம் முகாம் மட்டும் பெயர் மாறாமல் நின்றது. 1983க்குப் பிறகு அதே இடத்தில் ஈழத்து ஏதிலிகள் வந்து தங்கினார்கள். அவர்களில் மலையக வம்சாவளியினரும் உண்டு. பூட்டன் வெளியே போகக் காத்திருந்த இடத்தில் கொள்ளுப்பேரன் குடியுரிமைக்குக் காத்திருக்கிறான்.

2. மாத்தளைப் பாதையும் கம்பளையும்

இலங்கை போனால் எல்லோரும் கண்டி தலதா மாளிகையும் நுவரெலியாவும் பார்ப்பார்கள். நாம் தலைமன்னாரிலிருந்து தொடங்கவேண்டும். ரயில் வருவதற்கு முந்தைய காலத்தில் மன்னார் கரையில் இறங்கிய கூட்டம் மதவாச்சி, தம்புள்ளை வழியாகக் காட்டுக்குள் நடந்து மாத்தளை சேர்ந்தது. குழந்தையும் சட்டிபானையுமாக நடை. வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களைப் புதைக்கக்கூட ஆளில்லை. மாத்தளை முத்துமாரியம்மன் கோயில், பிழைத்து வந்து சேர்ந்தவர்கள் கும்பிட்ட இடம். அந்தப் பாதையில் பஸ்ஸில் போனாலும் ஒரு மணி நேரமாவது இறங்கி நடந்து பாருங்கள்.

1869இல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் விழுந்தது. காப்பி அழிய, தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்கு மட்டும் ஆள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து கிள்ள வேண்டும், பெண்கள் வேண்டும். வந்து போனவர்கள் குடும்பத்தோடு லயத்தில் தங்கினார்கள்.

கண்டிக்குப் பக்கத்தில் ஹந்தானையில் ஒரு தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய இயந்திரங்களும், 1867இல் முதல் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லரின் பொருட்களும் பார்க்கலாம். சுற்றுலாப் பட்டியல்களில் அது இருக்கும். கம்பளைப் பக்கம் பழைய லயத்து வீடுகளிலேயே தொழிலாளர்களுக்கென்று இன்னொரு அருங்காட்சியகம் இருக்கிறது. ஒன்று தேயிலையின் வரலாறு, மற்றது தேயிலை பறித்தவர்களின் வரலாறு. நேரம் குறைவென்றால் இரண்டாவதுக்குப் போங்கள்.

அங்கே நின்று ஒரு கசப்பான கேள்வியையும் கேட்கவேண்டும். கடல் தாண்டியதால் சாதி போயிற்றா? போகவில்லை. பெரிய கங்காணி பெரும்பாலும் ஆதிக்க சாதியாக இருந்தான். லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்தன. கங்காணி மூலம் வாங்கிய கடன், ‘துண்டு’ என்ற சீட்டில் ஏறித் தோட்டத்துக்குத் தோட்டம் ஆளோடு கூடவே போயிற்று. 1921இல்தான் துண்டு முறை ஒழிந்தது. ஆனால் ஒன்று உடைந்தது: ஊர் நிலக்காரனின் பிடி. மாதம் பிறந்தால் காசாகக் கூலி, பிள்ளைக்குத் தோட்டப் பள்ளி, பிறகு சங்கம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் போலீஸ் சுட்டு கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத்தின் முதல் தியாகி என்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பெயரை நம் ஊர்ப் பிள்ளைகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

3. கொழும்பு

கொழும்புக்குப் போவது கடைவீதிக்காக அல்ல. 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டோடு கொழும்பு போய், சுமங்கல மகாநாயகரிடம் பஞ்சசீலம் பெற்றுத் திரும்பினார். தமிழ் பௌத்தத்தின் மறுபிறப்பு அந்தப் பயணத்தில் இருக்கிறது. 1950 மே மாதம் கண்டியில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்கு அண்ணல் அம்பேத்கர் போனார். 1954 டிசம்பரில் ரங்கூன் மாநாட்டுக்கும் போனார். 1956இல் நாக்பூரில் நடந்ததற்கு முன் இந்தக் கடல் பயணங்கள் இருந்தன. கூலியாகப் போன அதே தீவுக்குச் சிந்தனையைத் தேடியும் நம்மவர்கள் போயிருக்கிறார்கள்.

4. கஞ்சனபுரி, தாய்லாந்து

தாய்லாந்துப் பட்டியலில் ‘குவாய் நதிப் பாலம்’ தவறாமல் இருக்கும். சினிமா பார்த்தவர்கள் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் கட்டிய பாலம் என்று நினைப்பார்கள். 1942, 1943இல் ஜப்பான் ராணுவம் சயாமையும் பர்மாவையும் இணைத்துப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதையில், போர்க்கைதிகளைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள் இழுத்துப்போகப்பட்டார்கள். மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள் அதில் பல்லாயிரம் பேர். பினாங்குத் துறைமுகம் வழியாகக் கங்காணி கூட்டிப்போன அதே மக்கள். காலராவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்கு முழுக் கணக்கே கிடையாது.

கஞ்சனபுரி போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 படைவீரர்கள் வரிசை வரிசையாகப் புல்தரையில் கிடக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கல். அது சரியானதுதான். ஆனால் நம் ஆட்களின் பெயர்கள் எங்கே என்று அங்கே நின்று கேட்கவேண்டும். கணக்கெடுக்கப்படாமல் சாவதும் ஒரு சாதிக் கதைதான்.

5. டர்பனும் லண்டனும்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குப் போனார்கள். நம் வறண்ட சீமையைவிட வட ஆற்காட்டுப் பக்கத்து ஆட்கள் அதிகம். அந்தக் கப்பல் பதிவேடுகளில் பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, உடம்பிலிருந்த தழும்பு, இவற்றோடு சாதிக்கும் ஒரு கட்டம் இருந்தது. கடலில் எதை எறிந்தாலும் அந்தக் கட்டத்தை மட்டும் எறியவில்லை. இன்று அதே பதிவேட்டை வைத்துக்கொண்டு தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் ஊரைத் தேடி வருகிறார்கள். இலங்கைக்குப் போன நம் ஆட்கள் வீட்டில் அப்படி ஒரு தாள்கூட இல்லை.

தாத்தா ரெட்டமலை சீனிவாசன் தென்னாப்பிரிக்காவில் பல ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். பின்னர் 1930இல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு அமர்ந்தார். லண்டன் போனால் 10, கிங் ஹென்றி சாலை வீட்டைப் பாருங்கள். 1921, 22இல் மாணவராக அம்பேத்கர் தங்கிய வீடு. 2015இல் மகாராஷ்டிர அரசு வாங்கியது. அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கத் தயங்கும் தம்பி தங்கைகளுக்காகவே இந்த முகவரியை எழுதுகிறேன்.

திரும்பி வந்தவர்கள்

போன கதையோடு நிறுத்தினால் பொய்யாகிவிடும். 1948இல் சுதந்திர இலங்கையின் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டே வாக்குரிமையும் போனது. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோவும் சாஸ்திரியும் டெல்லியில் கையெழுத்திட்டு 9,75,000 மனிதர்களைப் பங்கு போட்டார்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். 1974இல் அவர்களையும் பாதிக்குப் பாதி பிரித்தார்கள். பங்கு போடப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அப்படி வந்தவர்கள் நீலகிரியிலும் நூற்பாலைகளிலும் சிதறினார்கள். சொந்த ஊர் தேடி வந்த சிலருக்கு நிலம் கிடைக்கவில்லை, சாதி மட்டும் அதே இடத்தில் காத்திருந்தது. ‘சிலோன்காரவுக’ என்ற பட்டம் கூடுதல். 2003இல் இலங்கை தன் பக்கத்துக் கணக்கைச் சட்டம் போட்டுப் பெருமளவு முடித்தது. 2019இல் நம் நாடு திருத்திய குடியுரிமைச் சட்டத்தில் இலங்கை ஏதிலிகளின் பெயரே இல்லை.

இன்றைக்கும் பத்தாம் வகுப்புத் தேறாதவருக்கு இந்திய பாஸ்போர்ட்டில் ‘குடிபெயர்வுச் சோதனை தேவை’ என்று வரும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அவர் தனி அனுமதி வாங்கவேண்டும். பாதுகாப்புக்காக என்கிறார்கள். பாதி உண்மைதான். ஆனால் யாருக்குப் படிப்பு மறுக்கப்பட்டதோ அவருடைய பாஸ்போர்ட்தான் வேறாக இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தகர வில்லை ஞாபகத்துக்கு வருகிறது.

ஆகவே தோழர்களே, வழி திறந்துவிட்டது. கிளம்புவதற்குள் செய்ய இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து வையுங்கள். போகாவிட்டாலும் பரவாயில்லை, போக முடியும் என்பது ஓர் உரிமை. இரண்டு, உங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய ஒருவரிடம் இன்றைக்கே போய் உட்காருங்கள். உங்கள் குடும்பத்தில் கண்டிக்கோ ரங்கூனுக்கோ பினாங்குக்கோ போனவர் யார், எந்தத் தோட்டம், யார் திரும்பினார், யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதுங்கள். போனில் பதிவு செய்யுங்கள். கொரோனா நம் முதியவர்களைத்தான் முதலில் கொண்டுபோனது. எங்கள் அப்பத்தாவிடம் தோட்டத்தின் பெயரைக் கேட்காமலே விட்டுவிட்டேன். இனி கேட்க அவர் இல்லை. அதனால் என் பட்டியலில் போகவேண்டிய ஒரு ஊர் இன்னும் பெயரில்லாமலே இருக்கிறது.

உங்கள் பட்டியலில் அப்படி ஒரு வெற்றிடம் இருக்க வேண்டாம்.

ஜெய்பீம்.