கல் பங்களா

உதகை நகரில், அரசினர் கலைக் கல்லூரி அமைந்துள்ள குன்றின்மீது பழைய வீடொன்று உண்டு. 'ஸ்டோன் ஹவுஸ்' என்பது அதன் பெயர். மாணவனாயிருந்த நாளில் அதனைக் காண ஆவலுடன் ஏறிச் சென்றேன். சிறிது ஏமாற்றமே அடைந்தேன். கல்லாற் கட்டிய மாளிகைகள் பல நிறைந்த ஊரில், இதற்கு மட்டும் கல்வீடு எனப் பெயரிடுவானேன் என்று எண்ணினேன்.

விடை எளிது. அப்பெயர் பிறந்த நாளில் அங்கே வேறு கல்வீடு இல்லை.

திப்பு சுல்தான் 1799-இல் வீழ்ந்தபின் கோயம்புத்தூர்ச் சீமை கும்பினியார் வசமாயிற்று. அதன் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் நீலகிரி மீது ஏறினார். முதலிற் கோத்தகிரிப் பக்கத்தில் தங்கியவர், 1822-இல் உதகையில் இவ்வீட்டைக் கட்டத் தொடங்கினார். மறு ஆண்டு வேலை முடிந்தது. மலைவாழ் மக்கள் அதனைக் 'கல் பங்களா' என்றனர்.

அப்புல்வெளிகளில் எருமை மேய்த்து வாழ்ந்தவர் தொதவர். மூங்கிலையும் பிரம்பையும் வில்லென வளைத்துப் புல் வேய்ந்தவை அவர்தம் இல்லங்கள். வாயிலோ மிகச் சிறிது. தவழ்ந்துதான் உட்புக வேண்டும். குளிரும் காற்றும் அறிந்து கட்டிய வீடு அது! நிமிர்ந்து நடந்து உட்செல்லும் கற்சுவர் வீடு அவர்களுக்கு எத்துணை விந்தையாகத் தோன்றியிருக்கும்!

மாணவ நேயர்களே, வீட்டைவிட அது நின்ற நிலத்தின் கதையே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏக்கர் ஒன்றுக்கு ஒரு ரூபாய் வீதம் தொதவரிடமிருந்து சல்லிவன் நிலம் வாங்கினார் என்பர். விலை அற்பமே. ஆயினும், விலை கொடுத்தவர் எதிரே நிற்பவரை உடையவர் என ஒப்புக்கொண்டவராகிறார் அன்றோ? சல்லிவன் அதனை வாயாலும் சொன்னார். மலைநிலம் தொதவருக்கே உரியது என அரசினரிடம் வாதாடினார். 1827 முதல் 1832 வரை சென்னைக் கவர்னராயிருந்த லஷிங்டன் அதனை ஏற்றிலர். 1830-இல் மலையின் பெரும்பகுதி கோயம்புத்தூரினின்று பிரிக்கப்பட்டு மலையாள ஜில்லாவுடன் சேர்க்கப்பட்டது.

சல்லிவனைத் தூயவராக்க நான் முற்படவில்லை. தொதவருக்காகப் பேசிய அவரே பரந்த நிலத்தைத் தம் வசம் வைத்திருந்தார். அவர் காட்டிய வழியிலேயே ஏனையோரும் குடியேறினர்; ஏரி எழுந்தது, உருளைக்கிழங்கு விளைந்தது, எருமைகளின் மேய்ச்சல் குறைந்தது. எனினும் உரிமை யாருடையது என்ற வினாவை அரசாங்க ஏடுகளில் ஏற்றியவரும் அவரே.

1838-இல் மனைவியையும் மகளையும் அடுத்தடுத்து இழந்தார். தூய ஸ்தேவான் கோயிற் கல்லறைத் தோட்டத்தில் அவர்கள் துயில்கின்றனர். 1841-இல் அவர் நாடு திரும்பினார். ஈராண்டு கழித்து, 1843-இல், கும்பினியின் இயக்குநர்கள் தீர்ப்பளித்தனர்: தொதவருக்கு உள்ளது மேய்ச்சல் உரிமையே, நிலவுடைமை அன்று.

சென்னை அரசாங்கம் கோடைதோறும் உதகைக்குக் குடிபெயரத் தொடங்கியபின், கல் பங்களாக் குன்றில் அரசாங்கக் காரியாலயங்கள் பெருகின. 1955-இல் தோன்றிய கல்லூரிக்குப் பின்னர் அவ்விடம் உரியதாயிற்று. அடுத்த முறை நான் அங்கே சென்றபோது, சுவரைப் பார்த்த நேரத்தினும் அதன் கீழிருந்த மண்ணைப் பார்த்து நின்ற நேரமே மிகுதி.