திண்ணை இழந்த இல்லம்: புதுச்சேரித் தமிழ் வீடுகள் கடைகளானமை

முன்னுரை

புதுச்சேரியில் கால்வாய்க்கு மேற்கே அமைந்த தமிழர் பகுதியில் பழைய வீடுகள் பல இன்று கடைகளாக விளங்குகின்றன. வணிகர் வாழ்ந்த தெருக்களில் வீடு கடையாவது இயல்பே என்பாரும் உளர். இக்கருத்து எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை வீட்டின் கட்டமைப்பைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வீட்டின் அமைப்பு

இவ்வீடுகள் செங்கல், சுண்ணாம்புச் சாந்து, மரம் ஆகியவற்றால் ஆனவை. தெருவை ஒட்டி, மரத்தூண்கள் தாங்கும் ஓட்டுச் சாய்ப்பின்கீழ் அமைவது தாழ்வாரம். அது வழிப்போக்கர்க்கும் நிழல் தருவது. அடுத்துள்ள திண்ணை வீட்டார்க்கும் வருவோர்க்கும் பொதுவானது. பின்னர் நடை, முற்றம், உள்ளறைகள் எனப் பொதுவிடம் படிப்படியாகத் தனியிடமாகிறது. திண்ணை பழமையான உறுப்பு. காவிரிப்பூம்பட்டினத்து இல்லங்களின் திண்ணையைப் பட்டினப்பாலையும் சுட்டுகிறது. ஆனந்தரங்கப்பிள்ளையின் (1709–1761) மாளிகையில் கீழ்த்தளம் மரத்தூண்கள் சூழ்ந்த தமிழ் முற்றமாகவும், மேல்தளம் பிரெஞ்சுப் பாணித் தூண்களுடனும் அமைந்துள்ளது. அயற்பாணி மேலே ஏறியபோதும் கீழ்த்தள ஒழுங்கு குலையவில்லை என்பது கருதத்தக்கது.

வாணிகமும் வீடும்

பிள்ளை 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில், தாம் பாக்குக் கிடங்கில் இருந்து அலுவல் பார்த்ததைப் பலவிடத்தும் குறிக்கிறார். பெருவணிகர்க்கு வாணிகக் களம் வீட்டிற்கு வேறாகவும் இருந்தது என்பதற்கு இது சான்றாகும். ஒருவர் வழக்கத்தை அனைவர்க்கும் ஏற்றிச் சொல்லுதல் தகாது. சிறுவணிகர்க்குத் திண்ணையே விற்பனை இடமாகப் பயன்பட்டிருத்தல் கூடும். எனினும் இவ்விரு நிலையிலும் உள்வீடு தெருவிற்குத் திறக்கப்படவில்லை.

இன்றைய மாற்றம்

இன்றைய கடையோ இவ்வொழுங்கையே நீக்குகிறது. நேரு வீதி போன்ற கடைத்தெருக்களில் இதனைக் காணலாம். திண்ணை இடிக்கப்பட்டுத் தரை தெருமட்டத்திற்குத் தாழ்த்தப்படுகிறது. சுமை தாங்கும் முன்சுவர் அகற்றப்பட்டு, இரும்பு உத்திரமும் சுருள்கதவும் இடம்பெறுகின்றன. வெப்பக்காற்றை மேலே வெளியேற்றிய முற்றம் தகரத்தால் மூடப்பட்டுச் சரக்கறையாகிறது. சுண்ணாம்புச் சுவர்மேல் பூசப்படும் சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே தேக்கிச் சுவரைச் சிதைக்கிறது.

வைசியாள் வீதியில் முகப்புகளும் தாழ்வாரங்களும் சீரமைக்கப்பட்டன. அப்பணி 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதினைப் பெற்றது. போற்றத்தக்க இப்பணி தெருவின் தோற்றத்தை மீட்டது. ஆயினும் முகப்பை மட்டும் காப்பது வீட்டைக் காப்பதாகாது.

முடிவுரை

வீடு கடையாவது தவறன்று; ஆளில்லாது பூட்டிக் கிடந்து இடிவதினும் அது நன்றே. ஆனால் தாழ்வாரம், திண்ணை, நடை, முற்றம் என்னும் வரிசை நிலைத்தல் வேண்டும். திண்ணையில் பொருளைக் காட்சிப்படுத்தி, முற்றத்தைத் திறந்தே வைத்து, அதனைச் சூழ்ந்த கூடங்களில் விற்பனை நடத்த இயலும். முகப்பைப் பட்டியலிடும் மரபாய்வுகள் இவ்வரிசையையும் பதிவு செய்தல் வேண்டும். இல்லையேல் தமிழ் இலக்கியம் பேசும் இல்லத்தின் உறுப்புகள் பொருளிழந்து, அகராதிச் சொற்களாக மட்டுமே எஞ்சும்.