ஏடும் நாடாவும்



எங்கள் வீட்டுக் கூடத்தை அடுத்த அறையில் பழைய நெற்பத்தாயம் ஒன்று உண்டு. அதில் நெல் கொட்டி வைப்பது நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டமையால், வீட்டில் வேறெங்கும் வைக்க இடமில்லாத பொருள்கள் யாவும் அதற்குள் புகலிடம் பெற்றுள்ளன. சென்ற ஆடி மாதத்தில் அதைத் துப்புரவு செய்தபோது, ஒரு பிளாஸ்டிக் பைக்குள் சிறு வீடியோ காஸெட் ஒன்றும், அதனோடு ஒரு குறுந்தகடும் அகப்பட்டன. காஸெட்டின் முதுகில் ஒட்டிய தாளில், ‘ஆடிப் பதினெட்டு, 1994’ என்று என் கையெழுத்தே இருந்தது. முப்பது நிமிஷம் ஓடக்கூடிய நாடா அது. அந்த முப்பது நிமிஷத்தை மீண்டும் கண்ணால் காண எனக்கு ஏறக்குறைய ஐந்து மாதம் ஆயிற்று. அம்முயற்சியைப் பற்றியும், அது எனக்கு நினைவூட்டிய நம் பகுதியின் வரலாறு ஒன்றைப் பற்றியும் இன்று பேச எண்ணுகிறேன்.

1994-இல் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துச் சில ஆண்டுகள் பணியாற்றியிருந்த காலம். குடமுருட்டிக் கரையில் உள்ள ஒரு சிற்றூரின் தொடக்கப் பள்ளியில் வேலை. சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் அத்தான், ஒரு கையில் அடங்கும் வீடியோ காமிரா ஒன்றைக் கொண்டு வந்திருந்தார். காவிரிக் கழிமுகத்துக்கு அயல்நாட்டுத் தொடர்பு புதிதன்று. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், நாகூர் முதலிய ஊர்களில் கடல் கடந்து வந்த சாமான் இல்லாத வீடு அரிது. ஆயினும் எங்கள் தெருவில் அத்தகைய காமிராவைக் கண்டது அன்றுதான்.

அந்த ஆண்டு ஆற்றில் நீர் இரு கரையும் தொட்டு ஓடிற்று. படித்துறையில் பெண்கள் காதோலை கருகமணி வைத்துப் படைத்ததையும், மஞ்சட் கயிறு கட்டிக்கொண்டதையும், சிறுவர்கள் தெருவில் சப்பரம் இழுத்ததையும் அத்தான் படம் பிடித்தார். பிறகு என் வேண்டுகோளுக்கு இணங்கி வயற்பக்கம் வந்தார். அங்கே சம்பா நாற்றங்காலுக்கு மாடு பூட்டிப் பரம்படித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரை வரப்பில் அமரச் செய்து, அவர் தம் வாழ்நாளில் விதைத்த நெல்வகைகளின் பெயர்களையெல்லாம் சொல்லும்படி கேட்டேன். பள்ளிப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டலாம் என்பது என் எண்ணம்.

இதை ஏன் கேட்டேன் என்பதைச் சொல்ல வேண்டும். ஆடுதுறையில் 1922-இல் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டது. 1960-இல் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கியது. 1965-இல் ஆடுதுறை 27 என்னும் நெல் வெளிவந்தது. அடுத்து ஐ.ஆர். எட்டு வந்தது. விளைச்சல் பெருகியது, பசி குறைந்தது. அதை மறுப்பவன் நான் அல்லன். அந்தச் சோற்றில் வளர்ந்தவன். ஆனால் ஒரே தலைமுறைக்குள் பழைய நெல்வகைகள் வயலை விட்டுப் போயின. அவற்றின் பெயர்கள் சில முதியவர்களின் நாவில் மட்டும் நின்றன. எழுபதைக் கடந்த அந்தப் பெரியவர் அவர்களுள் ஒருவர்.

அவர் பத்து நிமிஷம் பேசினார். அன்று மாலையே அத்தான் காமிராவைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து எல்லோர்க்கும் காட்டினார். இரண்டு வாரத்தில் விடுமுறை முடிந்தது. நாடாவை என்னிடம் கொடுத்துவிட்டு, காமிராவோடு சிங்கப்பூர் போய்விட்டார். என் கையில் நாடா இருந்தது. அதைப் படிக்கும் கருவி இல்லை. 1999-இல் அப்பெரியவர் காலமானார்.

வி.எச்.எஸ். என்னும் பெயர் நம்மூர்த் திருமண வீடுகளுக்கு நன்கு அறிமுகமானது. ஜப்பான் நாட்டு ஜே.வி.சி. நிறுவனத்தார் 1976-இல் வெளியிட்ட முறை அது. நாடாவின் அகலம் அரை அங்குலம். காஸெட் ஒரு புத்தகத்தின் பருமன் உடையதாதலின், அதை ஏற்கும் காமிராவைத் தோளில் சுமக்க வேண்டியிருந்தது. 1982-இல் அதே நிறுவனத்தார், அதே அரை அங்குல நாடாவைச் சிறு பெட்டியில் சுற்றி, வி.எச்.எஸ்.-சி என்று பெயரிட்டனர். பெட்டிதான் சிறியது, நாடா அதுவே, படம் பதியும் முறையும் அதுவே.

பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்த பழக்கத்தினால் இதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பெரிய கருவியில் படத்தைப் பதியும் காந்தத் தலைகள், 62 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளையின் மேல் அமைந்திருக்கும். நம் நாட்டுத் தொலைக்காட்சி முறைப்படி அது நொடிக்கு 25 முறை சுழலும். சிறிய காமிராவில் உருளையின் விட்டம் 41.3 மில்லிமீட்டர், அதாவது மூன்றில் இரண்டு பங்கு. அதை ஒன்றரை மடங்கு வேகமாகச் சுழல விட்டார்கள்; இரண்டு தலைகளுக்குப் பதில் நான்கு வைத்தார்கள். ஆகவே சிறு காமிரா எழுதிய கோடுகளைப் பெரிய கருவி பிழையின்றிப் படிக்கும்.

இடையில் நின்ற ஒரே தடை பெட்டியின் அளவு. அதற்காகச் செய்ததே அடாப்டர் என்னும் கூடு. பெரிய காஸெட்டின் வடிவில் இருக்கும். உள்ளே சிறு காஸெட்டை வைக்க ஒரு குழி. மூடியைச் சாத்தியதும், ஒற்றை பேட்டரியில் ஓடும் சிறு மோட்டார் நாடாவை வெளியே இழுத்து, பெரிய காஸெட்டில் நாடா செல்லும் வழியிலேயே கொண்டு நிறுத்தும். திறக்கும்போது மீண்டும் உள்ளே சுருட்டிக்கொள்ளும். பேட்டரி வலுவிழந்திருந்தால் நாடா பாதியில் நின்று கசங்கும். ஆதலின் புதிய பேட்டரியை இடாமல் இதைத் தொடவே கூடாது.

எல்லாச் சிறு காஸெட்டுக்கும் இப்படி ஒரு கூடு உண்டு என்று எண்ணிக் கடை கடையாக அலைவோர் இன்றும் உளர். 1985-இல் சோனி நிறுவனத்தார் வெளியிட்ட நாடாவின் அகலம் எட்டே மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது 12.7 மில்லிமீட்டர். அகலமும் வேறு, எழுதும் முறையும் வேறு. அதற்குக் கூடு செய்ய இயலாது. அதைப் படித்த காமிராவையோ, அதே வகைக் காமிரா வேறொன்றையோ தேடிப் பிடிக்க வேண்டியதே.

இனி, பத்தாயத்தில் கிடைத்த குறுந்தகட்டின் கதைக்கு வருகிறேன். 2006-இல் நகரத்துக் கடை ஒன்றில் இந்த நாடாவைக் கொடுத்து, தகட்டில் மாற்றித் தரச் சொன்னேன். அவர்களிடம் அடாப்டர் இருந்தது. ஒரு வாரத்தில் தகடு வந்தது. வீட்டில் போட்டுப் பார்த்தபோது, படித்துறைக் காட்சி முழுவதற்கும் சினிமாப் பாட்டு ஒன்று பின்னணியாக ஒலித்தது. பூ உதிர்வது போலவும், இதயம் பிளப்பது போலவும் இடையிடையே அலங்காரங்கள். பெரியவர் வரப்பில் அமர்ந்து வாயசைத்தார், பாட்டுத்தான் கேட்டது. அரை நிமிஷத்தில் அவரும் மறைந்துவிட்டார். விசாரித்தபோது, “சும்மா பேசிக்கிட்டே இருந்தாரு சார், அதான் வெட்டிட்டோம்” என்று கடைக்காரப் பையன் பணிவாகவே சொன்னான். அவன் மேல் குற்றமில்லை. திருமணப் படங்களுக்கு அவ்வாறு செய்துதான் அவன் நல்ல பெயர் எடுத்திருந்தான். அவன் செய்த ஒரு பெரிய உபகாரம், மூலநாடாவைத் திருப்பித் தந்தது.

இந்த இடத்தில்தான் எனக்கு ஏட்டுச் சுவடிகளின் வரலாறு நினைவுக்கு வந்தது. நம் நாட்டு வெயிலிலும் ஈரத்திலும் பனையோலை ஏடு இருநூறு முந்நூறு ஆண்டு நின்றாலே பெரிது. ஆகவே பழைய ஏடு சிதைவதற்குள் புதிய ஏட்டில் படியெடுத்து வைப்பது வழக்கம். படியெடுத்த பின் பழையதை ஆடிப் பதினெட்டில் ஆற்றில் விடுவதும் உண்டு. வெள்ளத்தில் விட்டது சடங்கு. அதற்கு முன் படியெடுத்தது கடமை. காலம் செல்லச் செல்லப் பல வீடுகளில் கடமை மறைந்து, சடங்கு மட்டும் எஞ்சியது. படியெடுக்காமலே ஆற்றில் போன நூல்கள் எத்தனையோ!

1880-ஆம் ஆண்டை நம் பகுதி மறக்கலாகாது. தஞ்சையில் நீதிபதியாக இருந்த பர்னெல் என்னும் ஆங்கிலேயர், அரண்மனையில் இருந்த வடமொழிச் சுவடிகளுக்கு எழுதிய அட்டவணை அவ்வாண்டில் வெளிவந்தது. அரசர் இரண்டாம் சரபோஜி பேணி வளர்த்த அந்தச் சுவடிச்சாலையே சரசுவதி மகால் நூல்நிலையம். அதே ஆண்டில் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார் உ.வே. சாமிநாதையர். அவ்வூரில் முனிசீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவகசிந்தாமணி ஏட்டை அவர் கையில் எடுத்ததும் அப்போதுதான். நூல் அச்சேறியது 1887-இல்.

ஏழு ஆண்டு ஏன் ஆயிற்று? ஓர் ஏட்டைப் பார்த்து எழுதியிருந்தால் ஒரே ஆண்டில் முடிந்திருக்கும். ஆனால் ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. குறில் நெடில் வேறுபாடு தெரியாது. ரகரமும் காலும் ஒன்றுபோல் இருக்கும். எழுதினவர்கள் தமக்கு விளங்காத இடத்தைத் தமக்கு விளங்கியவாறு மாற்றியும் எழுதியிருப்பார்கள். ஆகவே பல ஊர்ப் பிரதிகளைத் தேடிச் சென்று ஒப்பிட வேண்டியிருந்தது. மாறுபட்ட பாடங்களை மறைக்காமல் குறித்து வைத்ததுதான் அப்பெரியாரின் நேர்மை. படியெடுப்பவன் தன் விருப்பத்துக்கு ஒரு சொல்லைக் கூட்டினாலும் குறைத்தாலும், மூலம் இல்லாதவிடத்து அதுவே மூலமாகிவிடும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். என் குறுந்தகட்டை நம்பி நாடாவை நான் எறிந்திருந்தால், அந்த ஆடிப் பதினெட்டில் எங்கள் படித்துறையில் சினிமாப் பாட்டு ஒலித்ததாகவே வருங்காலம் கொள்ளும்.

ஏட்டுக்கும் நாடாவுக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ஏட்டைப் படிக்கக் கண் போதும். நாடாவுக்குக் கருவி வேண்டும். அந்தக் கருவி நாடாவுக்கு முன்பே மறைந்துவிடுகிறது. வி.எச்.எஸ். கருவிகளைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பான் நாட்டு ஃபுனாய் நிறுவனத்தாரும் 2016-இல் நிறுத்திவிட்டனர். காந்த நாடாக்களைக் கொண்டுள்ள நிலையங்கள் 2025-க்குள் படியெடுத்துக்கொள்ள வேண்டும், தவறினால் பெரும்பாலானவற்றை இழப்போம் என்று யுனெஸ்கோ 2019-இல் எச்சரித்தது. வானொலிக்கும் இது புதிய பாடமன்று. திருச்சி நிலையம் 1939 மே மாதத்தில் தொடங்கியது. அத்தொடக்க காலத்துப் பேச்சுகளில் எத்தனை குரல்கள் காற்றோடு போய், எழுத்துப் படிகள் மட்டும் எஞ்சின!

கருவியைத் தேடுவதில் மூன்று மாதம் சென்றது. இறுதியில், முன்பு திருமணப் படம் எடுத்துவந்த நண்பர் ஒருவரின் பரணில் கருவியும் அடாப்டரும் இருந்தன. கருவியின் காந்தத் தலையை அவரே மென்தோலில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தார். பஞ்சு வைத்துத் துடைத்தால் இழை சிக்கித் தலை உடையும் என்றார். நாடாவில் வெண்மையாகப் பூஞ்சணம் பூத்திருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்தார். நம் ஆற்றங்கரை ஊர்களில் நாடாவுக்கு முதற்பகை அதுதான். பூத்திருந்தால் ஓட்டலாகாது, நாடாவும் கெடும், கருவியும் கெடும். நல்ல வேளை, என் பத்தாயம் பழைய நெல்லோடு பழகிய உலர்ந்த இடம்.

கருவியிலிருந்து மஞ்சள் நிறக் கம்பி படத்தையும், வெள்ளை நிறக் கம்பி ஒலியையும் ஒரு சிறு பெட்டிக்குக் கொண்டு செல்ல, அங்கிருந்து கணிப்பொறிக்குள் பதிவாயிற்று. என் தங்கை பேரன் கணிப்பொறியைக் கவனித்துக்கொண்டான். “வேகமா ஓட்டி ஏத்த முடியாதா தாத்தா?” என்று கேட்டான். முடியாது. முப்பது நிமிஷ நாடாவுக்கு முப்பது நிமிஷம் உட்கார்ந்தே ஆக வேண்டும். ஏடு படியெடுத்தவனும் எழுத்தெழுத்தாகத்தானே உட்கார்ந்திருப்பான்! வந்தது வந்தபடி, ஒன்றையும் வெட்டாமல், கோடு விழுந்த இடங்களையும் சேர்த்தே பதியச் சொன்னேன்.

படித்துறையில் என் தாயார் தென்பட்டார். அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

பெரியவர் வந்தார். குரல் தெளிவாகவே இருந்தது. “குறுவைக்குக் குள்ளக்காரு, பூங்காரு. ஒட்டடையான்னா ஆறு மாசத்துக்கு மேல நிக்கும் வாத்தியாரய்யா, தண்ணி நின்னாலும் அசையாது. கடலோரம் போனா குடவாழை. அப்பறம் சிறுமணி, மாப்பிள்ளைச் சம்பா...” என்று விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே வந்தார். ஏழாவது பெயர் வரும்போது திரையில் பனி கொட்டியது போல வெண்புள்ளிகள் எழுந்தன, இரைச்சல் மூடியது. நான்கு நொடி. மீண்டும் குரல் தெளிந்தபோது ‘சம்பா’ என்னும் பகுதி மட்டும் காதில் விழுந்தது. தலையை மறுபடி துடைத்து, மூன்று முறை ஓட்டிப் பார்த்தோம். அந்த நான்கு நொடி கிடைக்கவில்லை.

அவருடைய மகளை வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன். என்னிடம் மூன்றாம் வகுப்புப் படித்த பேத்தியும் தன் பிள்ளையோடு வந்திருந்தாள். தகப்பனாரின் குரலை இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் கேட்ட அந்த அம்மாள் முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு ஏழாவது பெயரைக் கேட்டேன். “கட்டைச் சம்பாவாத்தான் இருக்கும் சார். அப்பா அதைத்தான் எப்பவும் சொல்லும்” என்றார். அடுத்த வயற்காரராக இருந்த இன்னொரு முதியவரைக் கேட்டேன். அவர் உறுதியாக வாடன் சம்பா என்கிறார். அந்த நிலத்தில் அதைத் தாமே அறுத்ததாகவும் சொல்கிறார்.

நாடாவைப் பழையபடி பத்தாயத்தில் வைத்துவிட்டேன். பேச்சு முழுவதையும் எழுதி வைத்துள்ள நோட்டில், ஏழாம் எண்ணுக்கு எதிரே இரண்டு பெயர்களையும், சொன்னவர் இன்னார் என்பதையும் குறித்து, ‘நாடாவில் இவ்விடம் கேட்கவில்லை’ என்று அடியில் எழுதியிருக்கிறேன்.