நினைவகத்தின் கதை: 640 கே முதல் பிரவுசர் வரை

மலர்க்குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "கணிப்பொறி பற்றி வரலாறு மாதிரி ஏதாவது எழுது, எல்லாருக்கும் புரியணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டார்கள். புரியும்படி எழுத எனக்குத் தெரிந்த வரலாறு ஒன்றுதான். ஒரு கணிப்பொறியின் நினைவகத்தை யார் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்ற சண்டையின் வரலாறு அது. அது நம் கல்லூரி ஆய்வகத்திலேயே தொடங்கியது. அதில் நான் செய்த ஒரு தவறையும் இந்த மலரிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

1991-இல் நாம் முதலாண்டு சேர்ந்தபோது ஆய்வகம் எப்படி இருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போக வேண்டும். கல்லூரியிலேயே குளிர்சாதனம் இருந்த ஒரே அறை அதுதான் என்பதால், மே மாத அரியலூர் வெயிலுக்குப் பயந்து வரலாற்றுத் துறை மாணவர்கள்கூட ஏதாவது சாக்குச் சொல்லி எட்டிப் பார்ப்பார்கள். ஒரு பெட்டிக்கு மூன்று பேர். ஃப்ளாப்பியைப் போட்டு டாஸ் ஏற்றியதும் 'செக்டிஸ்க்' கட்டளையைக் கொடுத்து, கடைசியில் வரும் இரண்டு எண்களை ரெக்கார்டு நோட்டில் எழுதச் சொல்வார் நம் ஆசிரியர். மொத்த நினைவகம் 655360 பைட்; மீதம் இவ்வளவு. அதுதான் புகழ்பெற்ற 640 கே. 1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட பி.சி.யின் அமைப்பு, நிரல்களுக்கு அந்த அளவோடு கோடு கிழித்திருந்தது.

"வீட்டுச் சம்பளம் மாதிரிடா. இருக்கிறதுக்குள்ள குடும்பம் நடத்தணும்" என்பார் ஆசிரியர். எழுதும் நிரல் அந்த அளவுக்குள் அடங்காவிட்டால் அது ஓடாது. குற்றம் நம்முடையது, நாமே சுருக்க வேண்டும். அந்தக் காலத்தில் நினைவகக் கட்டுப்பாடு என்பதற்குத் தனி ஏற்பாடு எதுவும் தேவைப்படவில்லை. வறுமையே கட்டுப்பாடு.

நாம் படித்து முடிக்கும் காலத்தில்தான் எல்லாம் மாறத் தொடங்கியது. 1993-இல் மொசைக், 1994-இல் நெட்ஸ்கேப் என்று பிரவுசர்கள் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. அதே 1995-இல்தான் பழைய திருச்சி மாவட்டத்தைப் பிரித்து, பெரம்பலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் உருவானது. நம் ஊர்களுக்கு இன்டர்நெட் உடனே வந்துவிடவில்லை. சில ஆண்டுகள் கழித்து, பேருந்து நிலையத்தை ஒட்டி மணிக்கணக்கில் காசு வாங்கும் 'பிரவுசிங் சென்டர்'களாகத்தான் வந்தது.

முதலில் பிரவுசர் என்பது எழுத்தும் படமும் காட்டும் ஒரு சாதாரண நிரல். பிறகு பக்கத்துக்குள்ளேயே நிரல் ஓடத் தொடங்கியது. பாட்டு, படம், வங்கி, விண்ணப்பம் எல்லாம் அதற்குள் வந்தன. ஒரு பக்கம் கெட்டால் மொத்த பிரவுசரும் விழுந்துவிடும் நிலை. இதற்கு மாற்றாக 2008 செப்டம்பரில் கூகுள் நிறுவனம் குரோமை வெளியிட்டது. அந்தப் பணியை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை என்பது எல்லாரும் அறிந்ததே. பக்கங்களை ஒரே நிரலுக்குள் அடைக்காமல், தனித்தனி 'பிராசஸ்'களாகப் பிரித்து ஓட்டுவதுதான் குரோமின் முக்கிய மாற்றம். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

இதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2002-இல் திரும்பச் சேர்த்தார்கள். 2007-இல் மறுபடி பிரித்தார்கள். பிரித்தால் நன்மை உண்டு. ஓர் ஊர்ப் பிரச்சினை இன்னோர் ஊர் வேலையைக் கெடுக்காது. ஆனால் இரண்டு கலெக்டர், இரண்டு அலுவலகம், இரண்டு ஜீப். செலவும் இரண்டு. பிரவுசர் கதையும் அதேதான். பாதுகாப்பு கூடியது, நினைவகச் செலவும் கூடியது. ஃபயர்பாக்ஸும் 2016 முதல் இந்த வழிக்கு வந்தது. அதற்கு முன்பே, 2011-இல், 'மெம்ஷ்ரிங்க்' என்ற பெயரில் நினைவகத்தைச் சுருக்கும் தனி முயற்சியை மொசில்லாவினர் தொடங்கியிருந்தார்கள். 'உங்கள் பிரவுசர் எல்லா மெமரியையும் தின்கிறது' என்ற புகார் உலகம் முழுக்க அவ்வளவு இருந்தது.

அதே 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 2 ஜி.பி. நினைவகம். நம் ஆய்வகப் பெட்டியைப் போல மூவாயிரம் மடங்குக்கு மேல்! ஆனால் பத்துப் பக்கம் திறந்தால் அதுவும் திணறும்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

2017-இல் நாங்கள் வகுப்புத் தோழர்கள் சிலர் சேர்ந்து, பெரம்பலூர்–அரியலூர் சாலையில் ஒரு கிராமத்துப் படிப்பகத்துக்குப் பழைய கணிப்பொறிகள் ஆறு வாங்கிக் கொடுத்தோம். ஒவ்வொன்றிலும் 2 ஜி.பி. லினக்ஸ் போட்டு ஓட்டும் பொறுப்பு என்னுடையது. பிள்ளைகள் பிரவுசரில் பக்கம் பக்கமாகத் திறப்பார்கள். நினைவகம் நிரம்பியதும் கணிப்பொறி ஹார்ட் டிஸ்கின் ஒரு பகுதியை நினைவகம்போல் பயன்படுத்தத் தொடங்கும். இதை 'ஸ்வாப்' என்பார்கள். டிஸ்க் பல மடங்கு மெதுவானது. சிவப்பு விளக்கு அணையாமல் எரியும், மவுஸ் நகராது, கடைசியில் யாராவது ஒரு பையன் சுவிட்சை அணைத்துவிடுவான்.

நமக்குத்தான் 640 கே காலத்துப் புத்தி ஆயிற்றே. கட்டுப்பாடு போட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். லினக்ஸில் 'யூலிமிட்' என்று ஒரு கட்டளை உண்டு. பிரவுசருக்கு ஏறக்குறைய 1 ஜி.பி. என்று கோடு கிழித்துவிட்டேன். இரண்டு நாள் எல்லாம் நன்றாக ஓடியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

2018-இல் பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக முழுவதும் ஆன்லைனுக்கு வந்தது நினைவிருக்கும். நம் வகுப்புத் தோழன் ஒருவன் மகளை அழைத்துக்கொண்டு கடைசி நாள் மாலை படிப்பகத்துக்கு வந்தான். அந்தப் பெண் கல்லூரிப் பட்டியலை ஒவ்வொன்றாக வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். கட்டணம், விடுதி விவரம் பார்க்க இன்னும் நாலைந்து பக்கம் திறந்திருந்தாள். திடீரென்று அந்தப் பக்கம் செத்துவிட்டது. சேமிக்காமல் வைத்திருந்த பட்டியல் மொத்தமும் போயிற்று.

"மாமா, ரெண்டு மணி நேரமா அடுக்கினது..." என்றாள். அழவில்லை. அது அழுததைவிட மோசமாக இருந்தது. அவள் அப்பன் என்னைப் பார்த்து, "என்ன மாப்ளே, கம்ப்யூட்டர் பழசா?" என்றான். இல்லை, நான் போட்ட கோடுதான் காரணம் என்று அப்போதே சொல்லிவிட்டேன். மறுபடி உட்கார்ந்து, இந்த முறை ஐந்து ஐந்தாகச் சேமித்து, நேரம் முடிவதற்குள் முடித்தோம். ஆனாலும் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது. நான் செய்தது இரண்டு பிழை. முதலாவது, யூலிமிட்டில் நான் கொடுத்த கட்டுப்பாடு உண்மையில் செலவாகும் நினைவகத்தை அளப்பதில்லை. நிரல் கேட்டு வைத்துக்கொள்ளும் முகவரி இடத்தை அளக்கிறது. நிலத்தை உழுதானா என்று பார்க்காமல், பட்டாவில் எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது மாதிரி. பிரவுசர்கள் நிறைய இடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு கொஞ்சமாகப் பயன்படுத்தும் வழக்கமுள்ளவை. இரண்டாவது, அந்தக் கோடு ஒவ்வொரு பிராசஸுக்கும் தனித்தனி. நான்கு பிராசஸ் ஓடினால் நான்கு பங்கு. ஆக, மொத்தத்தையும் கட்டுப்படுத்தவில்லை. நடுவில் ஒருத்தியின் பக்கத்தையும் கொன்றுவிட்டது.

சரியான வழி லினக்ஸுக்குள்ளேயே இருந்தது. 2006-இல் கூகுளைச் சேர்ந்த பால் மெனாஜ், ரோஹித் சேத் இருவரும் தொடங்கிய 'சி-குரூப்' என்ற ஏற்பாடு அது. பல பிராசஸ்களை ஒரே குடும்ப அட்டையில் சேர்த்து, மொத்தத்துக்கும் ஒரே அளவு வைக்கலாம். அதில் நினைவகத்துக்கான பகுதியை எழுதியவர்களில் முக்கியமானவர் ஐ.பி.எம்.மில் பணிபுரிந்த பல்பீர் சிங். 2008-இல் அது லினக்ஸில் சேர்ந்தது. அளவைத் தொட்டதும் உடனே கொல்லாமல், முதலில் தேவையில்லாததை வெளியேற்றப் பார்க்கும். வேறு வழியே இல்லாதபோதுதான் கொல்லும். பிரவுசருக்கு மொத்தம் ஒன்றரை ஜி.பி. என்று வைத்தேன். ஃபயர்பாக்ஸ் அமைப்பில் அப்போது இருந்த பிராசஸ் எண்ணிக்கையை நான்கிலிருந்து இரண்டாகக் குறைத்தேன். விளம்பரத் தடுப்பு போட்டேன். பெட்டிக்கு மேல் 'விண்ணப்பம் நிரப்பும்போது மற்ற பக்கங்களை மூடவும், அடிக்கடி சேமிக்கவும்' என்று ஒரு தாளும் ஒட்டினேன். உண்மையைச் சொன்னால், அந்தத் தாள்தான் அதிகம் உதவியது.

பின்னாளில் பிரவுசர்களே இதைக் கற்றுக்கொண்டன. 2021-இல் எட்ஜ், பார்க்காத பக்கங்களைத் தூங்க வைத்தது. அதே ஆண்டு ஃபயர்பாக்ஸ், நினைவகம் குறைந்தால் பழைய பக்கங்களை இறக்கிவைக்கத் தொடங்கியது. 2022 டிசம்பரில் குரோம் 'மெமரி சேவர்' வசதியை அறிவித்தது. அதில் ஒரு விதி எனக்கு மிகவும் பிடித்தது: பாதி நிரப்பிய படிவம் இருக்கும் பக்கத்தை அது தூங்க வைக்காது. அந்தப் பெண்ணின் முகம் ஒரு நிமிடம் என் கண்முன் வந்து போனது.

640 கே காலத்தில் நம் ஆசிரியர் சொன்ன சம்பளக் கணக்கு இன்றைக்கும் சரிதான். ஆனால் செலவைக் குறைப்பதற்கு முன், எந்தச் செலவு யாருடைய வாழ்க்கை என்று பார்க்க வேண்டும். அதை நான் ஆய்வகத்தில் கற்கவில்லை. அந்தக் கிராமத்துப் படிப்பகத்தில் கற்றேன். அந்தப் பெண் 2022-இல் பட்டம் பெற்றுவிட்டாள். அவள் அப்பன் இந்தச் சந்திப்புக்கு வருகிறான். பெரம்பலூருக்கு இன்னும் ரயில் கிடையாது என்பதால் அரியலூர் நிலையத்தில் இறங்கித்தான் வருவான். நானே போய் அழைத்து வருகிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் சங்கம்!

– 1991-94 அணி மாணவன்