கோயில் வீதி வளர்த்த நாகசுரம்

நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலத்துக்குப் (1921–1964) பெயர் வாங்கிக் கொடுத்தது 'கொஞ்சும் சலங்கை' என்று பலர் சொல்கிறார்கள். படம் வந்ததோ 1962-இல், அவர் மறைவதற்கு இரண்டே ஆண்டுகள் முன்பு. எஸ். ஜானகியின் குரலோடு போட்டியிட்டு இழைந்த அந்த வாசிப்பு ஒரே பாட்டில் பிறந்ததல்ல. பிரெஞ்சு சாக்சபோன் கலைஞர் பார்னி விலானும் பாரிஸ் இரவு விடுதிகளில் தேறிய பிறகுதான் 1957-இல் ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸுடன் ஒரு படத்துக்கு வாசித்தார். சினிமா விளைந்த கதிரை அறுக்கும்; விதைப்பது வேறு இடம்.

அருணாசலத்துக்கு அந்த இடம் கோயில் வீதி. அவருடைய ஊரான காருகுறிச்சி இருக்கும் திருநெல்வேலி மாவட்டத்தில்தான் 2019 வரை தென்காசியும் இருந்தது. அங்கே பராக்கிரம பாண்டியன் எழுப்பிய காசி விசுவநாதர் கோயில், விசுத் திருவிழா காணும் குற்றாலம், தாமிரபரணிக் கரை ஊர்கள் எல்லாம் நாகசுரத்தை நம்பியே சுவாமி புறப்பாடு நடத்தின. புறப்பாட்டுக்குரிய மல்லாரி இசையில் தொடங்கி, வீதி முக்குகளில் நின்று, இரவெல்லாம் ராகம் விரிக்க வேண்டும். மூச்சும் கற்பனையும் அங்கேதான் உரம் பெறும். அவருடைய குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை தஞ்சை மண்ணின் மேதை ஆயிற்றே என்று கேட்கலாம். உண்மைதான், பாணி அங்கிருந்து வந்தது. ஆனால் ராஜரத்தினமும் புறப்பாட்டில் ஊறியவரே. இரு மண்ணிலும் பள்ளிக்கூடம் ஒன்றுதான். விசுவுக்குக் குற்றாலம் போகிறவர்கள் அருவியோடு திரும்பிவிடாமல், புறப்பாடு முடியும்வரை நின்று கேளுங்கள்.